லேப்ராஸ்கோப்பி, ரோபோ ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும் முன்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு

வயிற்றைப் பெரிதாகக் கிழிக்க வேண்டாம், மூன்று நான்கு சிறு துளை போட்டு முடித்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் பணத்தைப் பற்றியது. அதற்குள் "ரோபோவிலேயே செய்துவிடலாமா?" என்று இன்னொரு கேள்வி வந்து நிற்கும், அதற்கு என்ன பதில் சொல்வது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று கடலூரில் ஸ்கேன் எடுத்ததிலிருந்து, புதுச்சேரியில் ஆபரேஷன் முடிந்து காப்பீட்டுப் பணம் கைக்கு வரும்வரை நாங்கள் பட்ட அலைச்சலில் பாதியை, முன்பே யாராவது விவரம் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம். பித்தப்பை மட்டுமல்ல, குடலிறக்கம், கர்ப்பப்பை, சிறுநீரகம், புராஸ்டேட் எதுவானாலும் நடக்க வேண்டிய வழி கிட்டத்தட்ட இதுதான். நான் டாக்டர் இல்லை. அவரிடம் என்ன கேட்பது, எந்தக் காகிதத்தை எப்போது கையில் வைத்திருப்பது, இதை மட்டும்தான் சொல்கிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே. கடுமையான வயிற்றுவலியோடு காய்ச்சல், கண் மஞ்சளாவது, நிற்காத வாந்தி இருந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு அருகில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

1. நோயின் பெயரையும் ஆபரேஷனின் பெயரையும் எழுதி வாங்குங்கள்

"கல் இருக்கு, எடுத்துடலாம்" என்பதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். ஓபி சீட்டில் நோய் என்ன, என்ன ஆபரேஷன், லேப்ராஸ்கோப்பியா, ரோபோவா, திறந்து செய்வதா என்று டாக்டர் கையால் எழுதி, தேதி போட்டு வாங்குங்கள். காப்பீட்டு அட்டையானாலும் தனியார் பாலிசியானாலும் எல்லா அனுமதியும் அந்த ஒரு வரியை வைத்துத்தான் நகரும்.

பித்தப்பைக் கல் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். வலியே இல்லாமல் தற்செயலாகத் தெரிந்த கல்லா? அப்படியானால் பலருக்கு ஆபரேஷனே தேவைப்படாது. அடுத்தது, பித்தநாளம் (பித்தம் குடலுக்குப் போகும் குழாய்) விரிந்திருக்கிறதா, கல்லீரல் ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறதா? நாளத்தில் கல் இறங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் எம்ஆர்சிபி ஸ்கேன் எடுப்பார்கள். கல் இருப்பது உறுதியானால் பெரும்பாலும் ஈஆர்சிபி என்று வாய்வழியாகக் குழாய் விட்டு அதை எடுத்த பிறகுதான் பித்தப்பை ஆபரேஷன். அது தனிச் செலவு, எல்லா ஊரிலும் கிடைக்காத வசதியும்கூட. எஸ்டிமேட் திடீரென்று எகிறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அன்றைக்கே பெயரையும் சரிபாருங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், ரேஷன் கார்டில் முன்னால் இருக்கும், பாலிசியில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், ஸ்கேன் ரிப்போர்ட்டில் டைப் அடித்தவர் இனிஷியலையே விட்டிருப்பார். ஆபரேஷன் அன்று காலையில் இதை வைத்துத்தான் அனுமதியை நிறுத்துவார்கள். மருத்துவமனையில் பதிவு செய்யும்போது ஆதாரில் உள்ளபடி ஒவ்வொரு எழுத்தும் இருக்கிறதா என்று கவுன்டர் திரையைப் பார்த்தே சொல்லுங்கள். ஸ்கேன் சென்டரில் கேட்டால் பெயரைத் திருத்தி வேறு ரிப்போர்ட் தருவார்கள், ஆனால் அதை அந்த வாரத்திலேயே கேட்க வேண்டும்.

2. ரோபோ தேவையா என்று நிதானமாகக் கேளுங்கள்

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி இடம் உண்டாக்கி, ஒரு துளையில் கேமராவையும் மற்றவற்றில் நீளமான கருவிகளையும் விட்டு, டாக்டர் டிவி திரையைப் பார்த்தபடி நின்றுகொண்டு செய்கிறார். துளைகள் 5 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். ரோபோவிலும் அதே வாயு, அதே மாதிரித் துளைகள்தான். டாக்டர் மட்டும் சற்றுத் தள்ளி ஒரு கன்சோலில் உட்கார்ந்து, முப்பரிமாணப் படத்தைப் பார்த்துக்கொண்டே இயந்திரக் கைகளை இயக்குகிறார். அந்தக் கருவிகளின் நுனி மணிக்கட்டு போலத் திரும்பும், கை நடுக்கமும் உள்ளே போகாது. இயந்திரம் தானாக எதையும் வெட்டுவதில்லை, தைப்பதில்லை. அதனால் மெஷின் எந்த மாடல் என்பதைவிட, அதில் உட்காரப்போகிறவர் யார் என்பதுதான் முக்கியம்.

அமெரிக்காவில் 2000-இல் அனுமதி பெற்ற டா வின்சிதான் அதிகம் புழங்கும் இயந்திரம். இப்போது எஸ்எஸ்ஐ மந்த்ரா என்ற இந்தியத் தயாரிப்பும் வந்திருக்கிறது. ரோபோ கருவிகளுக்கு இத்தனை தடவைதான் பயன்படுத்தலாம் என்று கணக்கு உண்டு, அது முடிந்தால் இயந்திரமே ஏற்காது. செலவு கூடுவதற்கு மெஷின் விலையோடு இதுவும் ஒரு காரணம்.

எங்கே பயன் அதிகம்? புராஸ்டேட் புற்றுநோய், சிறுநீரகத்தில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றும் ஆபரேஷன், இடுப்புக்குள் ஆழமாக இருக்கும் மலக்குடல் கட்டி, இப்படி இடம் குறுகலாக இருந்து உள்ளே நிறையத் தையல் போட வேண்டிய வேலைகளில். சாதாரணப் பித்தப்பை, சாதாரணக் குடலிறக்கத்துக்கு லேப்ராஸ்கோப்பியைவிட ரோபோ மேல் என்று காட்ட வலுவான ஆதாரம் இல்லை. சொல்லப்போனால் 2023-இல் அமெரிக்காவின் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் உள்ள நோயாளிகளின் தரவை வைத்து வந்த ஓர் ஆய்வில், ரோபோவில் பித்தப்பை எடுத்தவர்களுக்குப் பித்தநாளக் காயம் கூடுதலாகவே இருந்தது. இதற்காக ரோபோவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பித்தப்பைக்கு ரோபோ என்று சொன்னால் "எங்களுக்கு என்ன காரணத்துக்காக?" என்று கேட்டு, அந்தக் காரணம் உங்களுக்குப் புரியும்வரை சம்மதிக்காதீர்கள்.

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் என்றால் இதை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், கர்ப்பப்பையைச் சுற்றியுள்ள திசுவோடு சேர்த்து அகற்றும் ஆபரேஷனைத் துளை போட்டோ ரோபோவிலோ செய்துகொண்ட பெண்களைவிட, திறந்து செய்துகொண்டவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஒரு நோய்க்குத் திறந்து செய்வதுதான் வழக்கமான பரிந்துரை. கர்ப்பப்பையில் உள்ள பெரிய நார்க்கட்டியைத் துளை வழியாக எடுக்க உள்ளேயே துண்டு துண்டாக்குவார்கள் என்றால், "புற்றுநோய் இல்லை என்று பார்த்தாயிற்றா, பைக்குள் வைத்து வெட்டுவீர்களா?" என்று கேளுங்கள். சின்னத் தழும்பு எல்லா நேரத்திலும் நல்ல ஆபரேஷன் ஆகிவிடாது.

டாக்டரிடம் நேராகக் கேட்க வேண்டியவை: இந்த ஆபரேஷனை இதே முறையில் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? நீங்களே செய்வீர்களா, வெளியிலிருந்து ஒருவர் வருவாரா? வெளியிலிருந்து வருபவர் என்றால் மூன்றாம் நாள் வலி வந்தால் யார் பார்ப்பார்கள்? கருவிகளை எப்படிச் சுத்திகரிக்கிறீர்கள்? நல்ல டாக்டர்கள் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை.

3. எங்கே செய்வது

கோரிமேட்டில் ஜிப்மர். மத்திய அரசு நிறுவனம், கடலூர், விழுப்புரம் பக்கத்துக்காரர்களுக்கு இதுதான் பெரிய ஆதரவு. செலவு மிகக் குறைவு, ஆனால் கூட்டமும் காத்திருப்பும் உண்டு, அவசரமில்லாத ஆபரேஷனுக்குத் தேதி தள்ளித்தான் கிடைக்கும். ஓபி பதிவு காலையில் மட்டும், அதனால் கடலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். அங்கே மத்திய அரசு விடுமுறைப் பட்டியல்தான் செல்லும். நம் ஊர்க் காலண்டரைப் பார்த்துக் கிளம்பினால் ஓபி மூடியிருக்கும் நாளில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, பெண்களுக்கு எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி மருத்துவமனை. கடலூர் பக்கம் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. சாதாரண லேப்ராஸ்கோப்பிக்கு இங்கேயே முதலில் விசாரியுங்கள். ரோபோதான் அவசியம் என்றால், தமிழ்நாடு அரசு 2022-இல் சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் அந்த வசதியைத் தொடங்கியது. புற்றுநோய்க்காரர்கள் லட்சக்கணக்கில் கடன் வாங்கும் முன் அங்கே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

புதுச்சேரியைச் சுற்றித் தனியார் மருத்துவக் கல்லூரிகள் நிறைய. சாதாரண நர்சிங் ஹோமைவிட அங்கே செலவு குறைவாகவே இருக்கும். ஆனால் யார் கையால் ஆபரேஷன் என்பதை மேலே சொன்னபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

4. அட்டையை முதலில் முடியுங்கள்

இந்தப் பகுதியின் பெரிய சிக்கலே மாநில எல்லைதான். வீடு ரெட்டிச்சாவடியில், வேலை அரியாங்குப்பத்தில், மருத்துவமனை புதுச்சேரியில் என்று இருப்போம். ரேஷன் கார்டு எந்த அரசுடையதோ, பெரும்பாலும் காப்பீடும் அந்த அரசுடையதுதான்.

தமிழ்நாட்டு ரேஷன் கார்டு என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் நகல்களோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோயாளியால் நடக்க முடியும்போதே அழைத்துப்போங்கள், போட்டோவும் கைரேகையும் எடுப்பார்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993. இ-சேவையில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்தால் 60 ரூபாய். ஆர்.ஐ., தாசில்தார் என்று மேலே போய்வர நாளாகும், அதனால் ஸ்கேன் எடுத்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

புதுச்சேரிக்காரர்கள் சிவப்பு அட்டையா மஞ்சள் அட்டையா என்பதையும் சேர்த்து மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் தகுதியை 14555-இல் கேட்டுக்கொள்ளலாம். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் தரும் வய வந்தனா அட்டை 2024 அக்டோபரில் அறிமுகமானது. வீட்டில் தாத்தா பாட்டிக்கு ஆபரேஷன் என்றால் அதையும் அதே எண்ணில் விசாரியுங்கள்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. "இந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது" என்றால் எல்லா ஆபரேஷனும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. துறைவாரியாகத்தான் அங்கீகாரம். எலும்பு ஆபரேஷனுக்கு அட்டையை ஏற்கும் இடம் பித்தப்பைக்கு ஏற்காமல் போகலாம், லேப்ராஸ்கோப்பிக்கு ஏற்றுக்கொண்டு ரோபோவுக்கு மாட்டேன் என்றும் சொல்லலாம். ஓபி சீட்டைக் காப்பீட்டு கவுன்டரில் காட்டி, இந்த ஆபரேஷனுக்கு, இந்த முறைக்கு, இந்த அட்டை செல்லுமா என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஈஎஸ்ஐ உள்ள சிப்காட் தொழிலாளர்கள் ரெஃபரல் கடிதம் வாங்காமல் தனியாரில் சேரக் கூடாது. சேர்ந்த பிறகு வாங்குவது மிகவும் கஷ்டம்.

5. தனியார் பாலிசி இருந்தால்

பித்தப்பைக் கல், குடலிறக்கம், கர்ப்பப்பை நீக்கம் எல்லாம் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு வருடம், சிலதில் மூன்று வருடம் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

ரோபோ ஆபரேஷனை அடியோடு ஒதுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் விதி போட்டது. ஆனால் அதற்குத் தனி உச்சவரம்பு வைக்க அனுமதி உண்டு. ஐந்து லட்சத்துக்கு பாலிசி இருக்கும், உள்ளே "நவீன சிகிச்சை முறைகள்" என்ற தலைப்பில் ரோபோவுக்கு அதில் ஒரு பகுதிதான் என்று போட்டிருக்கும். பாலிசிப் புத்தகத்தில் அந்தத் தலைப்பைத் தேடிப் படியுங்கள், ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

அறை வாடகை அடுத்தது. மூன்று லட்சத்துக்கு பாலிசி, வாடகை வரம்பு நாளுக்கு ஒரு சதவீதம் என்றால் 3,000 ரூபாய். "ஒரு நாள்தானே" என்று 6,000 ரூபாய் அறையை எடுத்தால் கூடுதல் 3,000 மட்டும் உங்கள் கையிலிருந்து போகும் என்று நினைக்காதீர்கள். டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியைக் கழித்துவிடுவார்கள். மருந்து, குடலிறக்கத்துக்கு உள்ளே பொருத்தும் வலை, பரிசோதனைக் கட்டணத்தில் இந்த விகிதக் கழிவு கூடாது என்று விதி இருக்கிறது. கழித்திருந்தால் விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் குறைந்தது மூன்று நாள் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேஷ்லெஸ் (நிறுவனமே மருத்துவமனைக்குப் பணம் கட்டும்) விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். 2024 விதிப்படி முதல் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம்தான் காப்பீட்டு நிறுவனத்துக்கு அவகாசம். அந்தக் கணக்கு காகிதம் முழுசாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்கும்.

6. எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள்

ஒரே வரியில் "பேக்கேஜ் இவ்வளவு" என்பது எஸ்டிமேட் இல்லை. அறை, டாக்டர், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், மருந்து, ஸ்டேப்ளர், வலை, பயாப்ஸி (எடுத்த திசுவைப் பரிசோதிப்பது), ரோபோவுக்கான தனிக் கட்டணம் என்று பிரித்து வாங்குங்கள். நாங்கள் விசாரித்த இடங்களில் ரோபோ என்ற சொல் சேர்ந்ததுமே லட்சத்துக்கு மேல் கூடியது. குடலிறக்கம் என்றால் வலையின் விலையும் கம்பெனியும் எஸ்டிமேட்டிலேயே இருக்கட்டும்.

"துளை போட்டு முடியாமல் திறந்து செய்ய நேர்ந்தால் எவ்வளவு ஆகும்?" இதையும் கேளுங்கள். கையுறை, சிரிஞ்ச் போன்ற சில்லறைப் பொருட்களுக்குப் பல பாலிசிகள் பணம் தராது, அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். கூட இருப்பவரின் சாப்பாடு, ஆட்டோ, நாலு நாள் கூலி இழப்பு, இதுவும் செலவுதான்.

7. பரிசோதனை, மாத்திரை, மூக்குத்தி

ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, கிரியேட்டினின், ரத்தம் உறையும் நேரம், எச்ஐவி, மஞ்சள் காமாலை பி மற்றும் சி, ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே. வயதானவர்களுக்கு எக்கோ என்ற இதய ஸ்கேனும் கேட்பார்கள். இதையெல்லாம் வெளியில் எடுப்பதானால் எத்தனை நாள் பழைய ரிப்போர்ட் வரை ஏற்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். தேதி தள்ளிப்போனால் மறுபடி எடுக்க வேண்டி வரும்.

சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டையையும் ஒரு கவரில் போட்டு மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள், பெயர் சொல்வதைவிட அது நம்பகமானது. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளைச் சொல்லாமல் சாப்பிடவும் கூடாது, நீங்களாக நிறுத்தவும் கூடாது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது உயிர் விஷயம். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் அதை அவசியம் சொல்ல வேண்டும், பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

மூக்குத்தி. வருடக்கணக்கில் கழற்றாத திருகு, ஆபரேஷன் அன்று காலை ஐந்து மணிக்கு வார்டில் கழலாது. அம்மாவுக்கு இரண்டு நாள் முன்பே பத்தர் கடைக்கு அழைத்துப்போய் எண்ணெய் விட்டுத் திருகிக் கழற்றினோம். உள்ளே மின்சாரத்தால் ரத்தக்குழாயைச் சுடுவதால் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்பார்கள். தாலியையும் கழற்றச் சொல்வார்கள். வெறும் மஞ்சள் கயிறு வாங்கி வைத்துக்கொண்டால் அந்த நேரத்தில் அவர்கள் மனம் சங்கடப்படாது. விரலில் மருதாணி, நகப்பாலிஷ் வேண்டாம், ஆக்சிஜன் பார்க்கும் கருவி விரலில்தான் மாட்டுவார்கள்.

8. ஆபரேஷன் நாள்

திட உணவு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்பு வரை. உங்களுக்கு எத்தனை மணி என்று வார்டில் சொல்வதே கணக்கு. பால் சேர்த்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது! வயிறு காலியாக இல்லாமல் மயக்கம் கொடுத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும், அதனால்தான் ஒரு வாய் காபிக்காக ஆபரேஷனையே தள்ளிவைக்கிறார்கள்.

சம்மதப் படிவத்தை நோயாளியே படித்து, தமிழில் கேட்டு, கையெழுத்துப் போடட்டும். "தேவைப்பட்டால் திறந்து செய்யலாம்" என்ற வரி அதில் இருக்கும். அதற்குச் சம்மதியுங்கள். உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று அதிகமாக ஒட்டியிருந்தாலோ ரத்தம் கசிந்தாலோ திறந்து செய்வது டாக்டர் எடுக்கும் பாதுகாப்பான முடிவு, தோல்வி இல்லை. ஆனால் காலி இடம் விட்ட படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

9. ஆபரேஷன் முடிந்த பிறகு

வயிற்றில் ஆபரேஷன், வலிப்பதோ தோள்பட்டை! எங்களை மிகவும் பயமுறுத்தியது இதுதான். உள்ளே மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையை உறுத்துவதால் வருவது, ஓரிரு நாளில் போய்விடும். எழுந்து நடப்பதே அதற்கு நல்லது, அன்று மாலையே நடக்க வைப்பார்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் சேர்ந்து வந்தால் மட்டும் அதைத் தோள்வலி என்று விடாமல் உடனே நர்சைக் கூப்பிடுங்கள்.

பித்தப்பைக்குப் பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓரிரு வாரத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகலாம். தண்ணீர்க்குடம், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் தூக்குவதற்கு மட்டும் டாக்டர் சொல்லும் நாள்வரை பொறுங்கள். குடலிறக்கக்காரர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, காய்ச்சல், கண் மஞ்சள், வயிறு உப்பி வாந்தி, இதில் ஒன்று வந்தாலும் ரிவ்யூ தேதிவரை காத்திருக்கக் கூடாது. அதே நாளில் திரும்பிப் போங்கள்.

10. வெளியே வரும்போது கையில் இருக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, பிரித்து எழுதிய பில், பணம் கட்டிய ரசீதுகள், மருந்து பில்களும் அவற்றுக்கான சீட்டுகளும், எல்லா ரிப்போர்ட்டும், வலையோ வேறு எதுவோ பொருத்தியிருந்தால் அதன் பெட்டி ஸ்டிக்கர். ஓர் இடத்தில் எங்களுக்கு மொத்தத் தொகை மட்டும் போட்ட ஒற்றைத் தாளைத்தான் கொடுத்தார்கள். பிரித்த பில் இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் அசையாது என்பதால் அதற்கென்றே மறுபடி போக வேண்டியிருந்தது. கவுன்டரிலேயே நின்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அசலைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயாப்ஸி ரிப்போர்ட் பிறகுதான் வரும். எடுத்தது சாதாரணக் கல் பித்தப்பைதானே என்று அதை வாங்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. எப்போதாவது அதில் புற்றுநோய் தெரியவரும், ஆரம்பத்திலேயே தெரிவது அந்த ஒரு தாளில்தான். அதை வாங்கி டாக்டரிடம் காட்டும்வரை ஆபரேஷன் முடிந்ததாகக் கணக்கு வைக்காதீர்கள்.

பணம் மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னை அலுவலகம்தான். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

11. துளை ஆறிய பிறகும் ஒரு கண் வையுங்கள்

தையல் பிரித்து, எல்லாம் ஆறி, மூன்று நான்கு வாரம் கழித்து ஒரு துளையின் அடியில் மட்டும் கட்டியாகி, சிவந்து, நீர் கசியலாம். சாதாரண ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கொஞ்சம் அடங்கி மறுபடி வரும். கருவிகளைச் சரியாகச் சுத்திகரிக்காத இடங்களில், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறு வகைக் கிருமிகள் துளை வழியாகப் போய் இப்படிச் செய்யும். நம் நாட்டில் இது அரிதான சங்கதி இல்லை, கருவிச் சுத்தத்தைப் பற்றி முதலிலேயே கேட்கச் சொன்னது இதனால்தான். மாற்றி மாற்றி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்காமல், கசியும் நீரை, இந்த இனக் கிருமியைத் தேடும் ஏஎஃப்பி (AFB) பரிசோதனைக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அது உறுதியானால் மருந்து மாதக்கணக்கில் போகும், சிலருக்கு அந்த இடத்தை வெட்டியும் எடுப்பார்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் காது கொடுக்கவில்லை என்றால் ஏதாவது ஒரு மருத்துவக் கல்லூரியின் அறுவைச் சிகிச்சை ஓபிக்குப் போங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியையும் அதுவரை சாப்பிட்ட மாத்திரைச் சீட்டுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு.